வேலியில் ஒரு நீலக்கொடி

2022ஆம் ஆண்டு. பசளை இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மரக்கறி விலையோ கைக்கெட்டாத காலம். கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் வீட்டுத்தோட்ட விதைகள் வழங்கும் வேலை எனக்கு. கத்தரி, வெண்டி, பயற்றை விதைப் பொதிகளோடு, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. கணவரை 2009இல் இழந்தவர். பொதியை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, பூக்கண்டு விதை ஒண்டும் இல்லையோ?" என்றார்.

எங்கள் படிவத்தில் பூவுக்கு இடமில்லை. "இது சாப்பாட்டுக்கான திட்டம் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சமூகவியல் படித்தவள் சொல்லக்கூடிய பதிலா அது? அந்த வளவில் நின்ற தென்னைகள் போரோடு போய்விட்டன. காலை எட்டு மணிக்கு ஏறும் வெயில் பின்னேரம் ஐந்து மணிவரை இறங்காது. தகரக் கூரையும் வெறும் மண்ணும்தான். அந்த முற்றத்தில் கண்ணுக்கு ஒரு நிறம் வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார்.

அடுத்த கிழமை என் அம்மா வீட்டு வேலியிலிருந்து நீலச் சங்குப்பூ விதை ஒரு பிடி கொண்டுபோனேன். காக்கணம்பூ என்றும் சொல்வோம். சிங்களத்தில் நில் கட்டரொலு. வெயிலுக்கென்றே பிறந்த கொடி. நாளுக்கு ஆறு மணிநேர வெயிலாவது வேண்டும், நிழலில் இலைதான் மிஞ்சும்.

சகோதரிகளே, இதன் விதைத்தோல் தடித்தது. அப்படியே ஊன்றினால் சில விதைகள் மாதக்கணக்கில் கிடக்கும். கரடான கல்லில் ஒரு பக்கத்தை இலேசாக உரைத்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் ஊதியிருப்பவற்றை அரை அங்குல ஆழத்தில், ஓரடி இடைவெளி விட்டு ஊன்றுங்கள். ஒன்று, இரண்டு கிழமைகளில் முளைக்கும். மாரியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். வேலியோரம் மண்ணைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். யூரியா வேண்டாம். பயற்றையின் இனம் ஆகையால் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும். கொஞ்சம் மாட்டெரு போதும். இரண்டு மாதமளவில் பூக்கும். கொடி சில வருடம் நிற்கக்கூடியது. ஆனால் அந்த அம்மா ஒவ்வொரு ஐப்பசியிலும் புதிதாகவே ஊன்றுகிறார், இளங்கொடியில்தான் பூ அதிகமாம்.

முதற்பூ விரிந்த கிழமையே கதையும் தொடங்கிவிட்டது. "தாலி இழந்தவளுக்குப் பூ என்னத்துக்கு?" என்று பக்கத்து வளவில் யாரோ கேட்டிருக்கிறார்கள். "நான் தலையில வைக்கவே கேட்டனான்? பாக்கத்தானே கேட்டனான்" என்று என்னிடம் சொன்னார். குரலில் கோபமில்லை, அலுப்புத்தான். விதவைநிலை பற்றிப் பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாக எழிதியிருக்கிறேன். முற்றத்தில் எந்த நிறம் இருக்கலாம் என்பதையும் ஊர்தான் தீர்மானிக்கிறது என்பது அங்கேதான் உறைத்தது. கொடியைப் பிடுங்கிவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ வேலியின் மற்றப் பக்கத்திலும் ஊன்றினார்.

இப்போது விடியப் பறித்த பூவை நிழலில் உலர்த்திப் போத்தலில் வைத்திருக்கிறார். (வெயிலில் போட்டால் நிறம் வெளிறும்.) நான் போனால் நாலைந்து பூவைச் சுடுநீரில் போட்டு, தேசிக்காய் பிழிந்து தருவார். நீலம் ஊதாவாக மாறுவதைப் பார்க்க அயல் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். இப்பூவின் சாற்றை உணவு நிறமூட்டியாக அமெரிக்கா 2021இல் அனுமதித்தது. ஆனாலும் கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது. விதையை ஒருவரும் உண்ணக்கூடாது. இதை விற்று வீடு கட்டலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பெட்டி பூ உலர்ந்தால் ஒரு பிடிதான்.

போன மாதம் போனபோது, அந்தப் பக்கத்து வளவுப் பெண்பிள்ளை கோயிலுக்கென்று பூப் பறித்துக்கொண்டு நின்றாள். அம்மா திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: "காயைப் பிடுங்காத மோனை. வெடிக்க முன்னம் விதை எடுக்கவேணும்."