பெரிய நாய், குறுகலான நடைபாதை: "ஒண்ணும் பண்ணாது" என்று சொன்னால் போதுமா?

"பயப்படாதீங்க, இது ஒண்ணும் பண்ணாது!"

நாய் வளர்ப்பவர்கள் சொல்லி நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் எதிரே வருவது 60 கிலோ எடையுள்ள நாய் என்றால், அந்த ஒரு வார்த்தை போதுமா?

ஜாலான் புசாரையே எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் "பெரிய சாலை" என்று பொருள். சாலைதான் பெரிது. கடைவீடுகளுக்கு முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதையோ குறுகலானது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் டெஸ்கர் சாலை, சையது ஆல்வி சாலைப் பக்கம் போனால் கூட்டத்தில் ஒதுங்கி நிற்கவே இடம் கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் பெரிய நாயைக் கூட்டிச் செல்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்கவேண்டும்?

பெரிய நாயை எங்கே வளர்க்கலாம்?

வீவக வீடுகளில் அங்கீகரிக்கப்பட்ட 62 சிறிய இனங்களைச் சேர்ந்த ஒரு நாயை மட்டுமே வளர்க்க அனுமதி உண்டு. அடோர் திட்டத்தின்கீழ் கலப்பின நாய்களையும் தத்தெடுக்கலாம். அவற்றின் தோள் உயரம் 55 செண்டிமீட்டரைத் தாண்டக்கூடாது.

ஆகவே கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்ற மிகப் பெரிய நாய்களைத் தனியார் வீடுகளில்தான் வளர்க்கமுடியும். ஆனால் அவையும் நடக்கப் போவது எல்லாருக்கும் பொதுவான பாதையில்தான்.

எந்த நாயாக இருந்தாலும் உரிமம் கட்டாயம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கப்படலாம். பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்திருப்பதும் கட்டாயம்.

எந்த நாய்க்கு வாய்மூடி போடவேண்டும்?

விலங்குநல மருத்துவச் சேவை சில இனங்களைத் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. பிட் புல், அகிட்டா, தோசா, நியோபாலிட்டன் மாஸ்டிஃப் போன்றவை முதல் பிரிவு. அவற்றைப் புதிதாக இறக்குமதி செய்யமுடியாது. ராட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், புல் மாஸ்டிஃப் போன்றவை இரண்டாம் பிரிவு.

இந்த நாய்கள் வெளியே வரும்போது கயிறும் வேண்டும், வாய்மூடியும் வேண்டும். உரிமையாளர் குறைந்தது 100,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? பட்டியல் நாயின் இனத்தைப் பார்க்கிறது, எடையைப் பார்க்கவில்லை. வளர்ந்த ஆண் கிரேட் டேன் பொதுவாக 54 கிலோவுக்கும் மேல் இருக்கும். தோள் உயரம் 76 செண்டிமீட்டரைத் தாண்டும். அதற்கு வாய்மூடி கட்டாயமில்லை. அதைவிட எவ்வளவோ சிறிய பிட் புல் வகை நாய்க்குக் கட்டாயம்.

"பட்டியலில் இல்லை, அப்படியென்றால் பிரச்சினை இல்லை" என்று நினைப்பது தவறு. சட்டம் கேட்பது குறைந்தபட்சம் மட்டுமே. மீதி உரிமையாளர் கையில்.

மற்ற நாடுகளில் எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எக்ஸ்எல் புல்லி நாய்களுக்கு 2023 டிசம்பர் 31 முதல் பொது இடத்தில் கயிறும் வாய்மூடியும் கட்டாயமாயின. 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அங்கே அவற்றை வைத்திருப்பதே குற்றம். அந்த வகையை அடையாளம் காணும் அம்சங்களில் உயரமும் ஒன்று.

சென்னையில் 2024 மே மாதம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. உரிமையாளர் கைதுசெய்யப்பட்டார்.

அதற்கு 2 மாதம் முன்னர்தான் இந்திய மத்திய அரசாங்கம் 23 இனங்களைத் தடைசெய்யும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்துசெய்தது. இனத்தைத் தடைசெய்வதா, உரிமையாளரைக் கட்டுப்படுத்துவதா என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

சாதுவான நாய் என்றாலுமா?

கடித்தால்தான் ஆபத்து என்றில்லை. பாசத்தோடு ஒரு பெரிய நாய் தாவினாலே போதும், முதியவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். பூனையைப் பார்த்து அது திடீரென்று இழுத்தால், பிடித்திருப்பவரும் சேர்ந்து சாலைக்குப் போய்விடுவார்.

பல வீடுகளில் நாயை நடக்கக் கூட்டிச் செல்பவர் பணிப்பெண்தான். சில நேரம் பள்ளி மாணவர். நாயின் எடை அவருடைய எடையைவிட அதிகமா என்று யாராவது யோசித்தார்களா?

இன்னொன்றும் உண்டு. டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், சிராங்கூன் சாலையில் அங்குலியா பள்ளிவாசல். நாயின் எச்சில் பட்டால் முஸ்லிம்கள் பலர் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்யவேண்டும். தொழுகைக்குப் போகிறவர் ஒதுங்குவது நாய்மேல் உள்ள வெறுப்பால் அல்ல. குழந்தையாக இருந்தபோது கடிபட்டவரின் பயமும் அப்படித்தான். அவர்களிடம் போய் "ஒண்ணும் பண்ணாது" என்று சொல்வதில் பயனில்லை.

சரி, என்ன செய்யலாம்?

- நீண்டுகொண்டே போகும் கயிறு வேண்டாம். நீளம் மாறாத, உறுதியான கயிறே நல்லது. கூட்டத்திலும் திருப்பங்களிலும் அதைச் சுருக்கிப் பிடியுங்கள்.

- நாய் சுவர்ப் பக்கம், நீங்கள் மக்கள் பக்கம். எதிரே வருபவருக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் இருக்கவேண்டும்.

- மின்தூக்கியில் ஏற்கனவே ஆள் இருந்தால் "நாங்கள் அடுத்ததில் வருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். அரை நிமிடம்தான் போகும்.

- உங்களால் இழுத்து நிறுத்தமுடியாத நாயைத் தனியாகக் கூட்டிச் செல்லாதீர்கள். பயிற்சியைக் குட்டியிலேயே தொடங்குங்கள். 10 கிலோவில் தாவுவது வேடிக்கை, 60 கிலோவில் விபத்து.

- வாய்மூடி போடுவதென்றால் கூடை வடிவில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. நம் ஊர் வெயிலில் வாயை இறுக்கிக் கட்டுவது ஆபத்து.

- கூட்டம் குறைந்த நேரத்தில் வெளியே போங்கள். காலையில் போனால் தரையும் சுடாது.

எதிரே வருவது நீங்கள் என்றால்?

ஓடாதீர்கள், கத்தாதீர்கள். ஓடினால் சில நாய்கள் துரத்தும். நின்று, நாயின் கண்ணை உற்றுப் பார்க்காமல், "கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று உரிமையாளரிடம் சொல்லலாம். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. தடவ ஆசைப்பட்டால் முதலில் உரிமையாளரிடம் கேளுங்கள்.

கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, மருத்துவரைப் பாருங்கள். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனாலும் காயத்தில் கிருமி தொற்றலாம். நடந்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு விலங்குநல மருத்துவச் சேவையிடம் தெரிவியுங்கள்.

பெரிய நாய் வளர்ப்பது தவறில்லை. ஆனால் நாய் சாதுவா இல்லையா என்பதை வழியில் போகிறவர் சோதித்துப் பார்க்கவேண்டிய நிலை வரக்கூடாது. ஒரு நாய் தெருவில் மோசமாக நடந்துகொண்டால், அடுத்து வரும் பத்து நல்ல நாய்களுக்கும் கதவு மூடப்படும். ஒரு கூட்டுரிமை வீட்டில் ஒரு புகார் எழுந்தாலே போதும், எல்லா நாய்களையும் பற்றிப் பேச்சு தொடங்கிவிடும்.

அதனால் அடுத்த முறை "ஒண்ணும் பண்ணாது" என்று சொல்வதற்கு முன்னால், கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். சொல்லவேண்டிய அவசியமே இருக்காது.