கல்லூரித் திடலைத் திறந்தது யார்?

ஒரு நோய் நாடு முழுவதும் பரவிக்கொண்டிருக்கும் வேளையில் கல்லூரி மாணவர்கள் திடலில் இறங்கி ஆடலாமா? கேட்டவுடன் நம்மில் பலரும் "கூடாது" என்றுதான் சொல்வோம். மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது பல்கலைக்கழகத் திடல்களும் வெறிச்சோடின. அதைப் பற்றிப் பெரிய விவாதம் எதுவும் எழவில்லை. இங்கே கல்லூரி ஆட்டம் என்றால் கூடப் படிக்கும் நண்பர்கள் வந்து கைதட்டிவிட்டுப் போவதுதான். அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது, நாட்டின் அதிபர் வரையும் போனது.

ஏன் அப்படி? முதலில் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் காற்பந்து அரங்கத்தில் 1 லட்சத்து 7 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். நம் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தை விடப் பெரியது அது. (அவர்கள் காற்பந்து என்று சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு மோதி ஓடும் ஆட்டம். இடைவெளி விட்டு ஆட முடியாத ஆட்டம்.) தொலைக்காட்சி உரிமம், நுழைவுச் சீட்டு, விளம்பரம் என்று இதில் கொட்டும் பணத்தில்தான் அதே பல்கலைக்கழகத்தின் நீச்சல், மல்யுத்தம், சீருடற்பயிற்சிக் குழுக்கள் எல்லாம் பிழைக்கின்றன. அலபாமா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் நிக் சேபன் அப்போது பெற்ற ஊதியம் ஆண்டுக்கு 90 லட்சம் டாலருக்கு மேல். ஆடிய மாணவர்களுக்கோ அந்த நாளில் சம்பளம் கிடையாது. உபகாரச் சம்பளமும் தங்குமிடமும் சாப்பாடும்தான்.

பெருந்தொற்றின் முதல் அடி கூடைப்பந்தின் மீது விழுந்தது. 1939 முதல் ஆண்டு தவறாமல் நடந்துவந்த தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியை என்.சி.ஏ.ஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2020 மார்ச் 12ஆம் தேதி ரத்து செய்தது. பெண்கள் போட்டியும் அதோடு நின்றது. அந்த ஆண்டு கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வைத்திருந்த தொகை 60 கோடி டாலர். கொடுக்க முடிந்தது 22.5 கோடி. மார்ச்சில் பட்ட இந்த அடிதான் ஆகஸ்டில் பலரின் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடைப்பந்தை நிறுத்த ஒரு சங்கம் இருந்தது. உயர்நிலைக் காற்பந்தை நிறுத்தவோ நடத்தவோ அப்படி ஒரு தலைமை இல்லை. அதன் உச்சகட்டப் போட்டிகளை என்.சி.ஏ.ஏ நடத்துவதில்லை. பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டமைப்புகளே நடத்துகின்றன. ஆகவே ஒரே நாட்டில், ஒரே கிருமிக்கு, ஆளுக்கொரு தீர்ப்பு வந்தது.

ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட 8 பல்கலைக்கழகங்களைக் கொண்ட ஐவி லீக், 2020 ஜூலை 8ஆம் தேதியே அந்தப் பருவத்துக்கு ஆட்டம் இல்லை என்று அறிவித்துவிட்டது. துணிச்சலான முடிவு என்று பாராட்டினார்கள். பாராட்டட்டும். ஆனால் அவை விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் தருபவை அல்ல, காற்பந்து வருமானத்தை நம்பி இருப்பவையும் அல்ல. இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லாதவருக்குத் துணிச்சல் எளிதாக வரும்.

சோதனை மற்றவர்களுக்குத்தான். ஆகஸ்ட் 11ஆம் தேதி பிக் டென் கூட்டமைப்பும் மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் பேக்-12 கூட்டமைப்பும் ஆட்டங்களைத் தள்ளிவைத்தன. பெயரில் பத்து இருந்தாலும் பிக் டென்னில் அப்போது 14 பல்கலைக்கழகங்கள் இருந்தன. 11 தலைவர்கள் தள்ளிவைக்கச் சொன்னார்கள், 3 பேர் எதிர்த்தார்கள். தென்பகுதியின் எஸ்.இ.சி, அதோடு ஏ.சி.சி, பிக்-12 ஆகிய மூன்று பெரிய கூட்டமைப்புகள் ஆடியே தீருவோம் என்றன.

தள்ளிவைத்தவர்களை அச்சுறுத்தியது எது? நுரையீரலை விட இருதயம்தான். சாதாரணக் காய்ச்சல் கிருமிகூடச் சில வேளை இருதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். அந்த நிலையில் கடுமையாக ஓடினால் இருதயத் துடிப்பு தாறுமாறாகி ஆள் திடலிலேயே விழுந்துவிட வாய்ப்புண்டு. அதனால்தான் அழற்சி கண்டவர்களை 3 முதல் 6 மாதங்கள் வரை கடும் பயிற்சியிலிருந்து விலக்கி வைப்பது அப்போதைய மருத்துவ வழக்கம். 2020 ஜூலை இறுதியில் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கோவிட்டிலிருந்து மீண்ட 100 பேரை எம்.ஆர்.ஐ கருவியில் பார்த்ததில் 78 பேரின் இருதயத்தில் ஏதோ ஒரு மாறுதல் தெரிந்ததாக அது கூறியது. அந்த 100 பேரின் சராசரி வயது 49. கணக்கிலும் சில பிழைகள் இருந்து பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் தலைவர்கள் கூடிப் பேசிய ஆகஸ்ட் மாதத்தில் மேசை மீது இருந்தது அந்த 78தான். போதாக்குறைக்கு, பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் குழுவின் பந்து வீச்சாளர் எடுவார்டோ ரொட்ரிகஸ், இளைஞர், உடற்கட்டு மிக்கவர், இதே அழற்சியால் அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமல் போனார்.

செப்டம்பரில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சொந்த மருத்துவர்களே 26 விளையாட்டாளர்களைச் சோதித்து, 4 பேரிடம் அழற்சியின் அறிகுறி தெரிவதாக எழுதினார்கள். அதாவது 15 விழுக்காடு. இருபத்தாறு பேரை வைத்து நாட்டுக்கே கணக்கு போடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதே சமயம், விடை தெரியாத நேரத்தில் பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல ஆளில்லை.

சரி, ஆட வேண்டியவர்கள் என்ன சொன்னார்கள்? பெரியவர்களின் வாதத்தில் பெரும்பாலும் அமுங்கிப் போனது இந்தக் குரல்தான். ஆகஸ்ட் 2ஆம் தேதி பேக்-12 ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடி ஓர் அறிக்கை விட்டார்கள். பாதுகாப்பு விதிமுறைகளை வெளியார் மேற்பார்வையில் வகுக்க வேண்டும், "எனக்கு ஏதாவது நேர்ந்தால் பல்கலைக்கழகம் பொறுப்பல்ல" என்று எங்களிடம் கையெழுத்து வாங்கக்கூடாது, வருமானத்தில் பாதியை எங்களுக்குப் பிரித்துத் தர வேண்டும், இல்லையேல் ஆடமாட்டோம் என்றார்கள். இந்த மிரட்டலுக்குக் காரணம் இருந்தது. மாணவர்களிடம் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வேலை சில இடங்களில் கோடையிலேயே தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 5ஆம் தேதி என்.சி.ஏ.ஏ தலையிட்டு, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பத்திரங்களைக் கட்டாயமாக்கக்கூடாது என்று தடை போட்டது.

ஒரு வாரம் கழித்து எதிர்த்திசையிலிருந்து இன்னொரு குரல். கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர் ட்ரெவர் லாரன்ஸ், "நாங்கள் ஆட விரும்புகிறோம்" என்ற இயக்கத்தின் முகமானார். அவருடைய வாதம் எளிமையானது. ஆட்டம் இல்லையென்றால் மாணவர்கள் வீட்டுக்குப் போவார்கள்; பலரின் வீட்டிலும் வட்டாரத்திலும் பரிசோதனையோ மருத்துவக் கவனிப்போ கிடையாது; குழுவோடு இருந்தால் அவை கிடைக்கும். இதை வெறும் ஆசைப் பேச்சு என்று ஒதுக்க முடியாது. உயர்நிலைக் காற்பந்து ஆட்டக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பின மாணவர்கள். கோவிட் அந்தச் சமூகத்தைக் கூடுதலாகப் பாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. வீடுதான் பாதுகாப்பு என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

வியப்பு என்னவென்றால், இந்த இரண்டு அணியும் ஒரே இரவில் பேசி ஒன்றாகிவிட்டன. ஆட விரும்புகிறோம், ஆனால் எல்லாக் கூட்டமைப்புக்கும் பொதுவான பாதுகாப்பு விதி வேண்டும், விலக நினைப்பவரைத் தண்டிக்கக்கூடாது, எங்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று கூட்டாகக் கேட்டார்கள். ஆட்டம் கிடைத்தது. விலகும் உரிமையும் கிடைத்தது. சங்கம் கிடைக்கவில்லை.

பிக் டென் முடிவு ஏறக்குறைய ஐந்து வாரங்களே நின்றது. ஒஹாயோவின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் தொடங்கிய மனுவில் 3 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். நெப்ராஸ்கா ஆட்டக்காரர்கள் 8 பேர் வழக்குத் தொடுத்தார்கள். தேர்தலை எதிர்நோக்கியிருந்த அதிபர் டிரம்ப், கூட்டமைப்பின் ஆணையரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். செப்டம்பர் 16ஆம் தேதி 14 பல்கலைக்கழகங்களும் ஒருமனதாக "ஆடலாம்" என்றன. இடையில் மாறியது கிருமி அல்ல. சில நிமிடங்களில் முடிவு சொல்லும் விரைவுப் பரிசோதனைக் கருவிகள் கைக்கு வந்திருந்தன. ஒவ்வொரு நாளும் சோதனை, தொற்று கண்டவருக்குக் குறைந்தது 21 நாள் விலக்கு, திரும்பும் முன் இருதயப் பரிசோதனை, குழுவில் தொற்று 5 விழுக்காட்டைத் தாண்டினால் 7 நாள் நிறுத்தம். விதிகள் உண்மையிலேயே கடுமையானவை. உடன் படிக்கும் சாதாரண மாணவனுக்கு இந்த அன்றாடப் பரிசோதனை கிடைத்ததா என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் இல்லை.

வடகரோலைனா பல்கலைக்கழகத்தில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 10ஆம் தேதி வகுப்புகள் திறந்தன. ஒரே வாரத்தில் விடுதிகளில் தொற்று பரவ, இளநிலை வகுப்புகள் எல்லாம் இணையத்துக்கு மாறின. மாணவர்கள் மூட்டை கட்டினார்கள். காற்பந்துக் குழு மட்டும் வளாகத்தில் பயிற்சியைத் தொடர்ந்தது. இவர்கள் மாணவர்கள், ஊழியர்கள் அல்ல என்றுதான் கல்லூரி விளையாட்டு உலகம் காலங்காலமாகச் சொல்லிவந்தது. அந்த ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு அதை முகம் மாறாமல் சொல்வது கடினமாகிவிட்டது.

பருவம் எப்படிப் போனது? தட்டுத்தடுமாறித்தான். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ரத்தாயின அல்லது தள்ளிப்போயின. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் டேன் மலன் அக்டோபர் 10ஆம் தேதி தோற்றுப்போன கையோடு, அடுத்த ஆட்டத்துக்கு எங்கள் அரங்கத்தில் 90 ஆயிரம் பேரை நிரப்ப வேண்டும் என்றார். மூன்றே நாளில் குழுவுக்குள் தொற்று பரவி, பயிற்சி நின்றது. அந்த ஆட்டம் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. வாரம் முடிவதற்குள் அவருக்கே தொற்று. லாரன்ஸும் அக்டோபர் இறுதியில் தொற்று கண்டு இரண்டு ஆட்டங்களைத் தவறவிட்டார். அதில் ஒன்றில் நோட்டர் டேம் கிளெம்சனை வென்றபோது ரசிகர்கள் தடுப்பைத் தாண்டித் திடலுக்குள் பாய்ந்தார்கள். இடைவெளி விட்டு உட்கார வைத்த ஏற்பாடெல்லாம் ஒரு நிமிடத்தில் காற்றில் போனது. 1918 முதல் ஆண்டுதோறும் நடந்துவந்த ஒஹாயோ–மிச்சிகன் ஆட்டம் அந்த ஆண்டு நடக்கவில்லை. கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெறக் குறைந்தது 6 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஒஹாயோ ஆடியது ஐந்துதான். விதியையே எடுத்துவிட்டார்கள். அந்த ஒஹாயோதான் 2021 ஜனவரி 11ஆம் தேதி தேசிய இறுதியாட்டம் வரை சென்று, அலபாமாவிடம் 52–24 என்று தோற்றது.

இப்போது, முடிவெல்லாம் தெரிந்த பிறகு, இருதயக் கணக்கு என்ன சொல்கிறது? 2021இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. 42 கல்லூரிகளில் தொற்று கண்ட 3,018 விளையாட்டாளர்களில் 21 பேருக்கு, அதாவது 0.7 விழுக்காட்டினருக்கு, இருதயப் பாதிப்பு இருந்தது அல்லது இருக்கலாம் என்று தெரிந்தது. பிக் டென்னில் 1,597 பேருக்கு எம்.ஆர்.ஐ எடுத்ததில் 37 பேர், 2.3 விழுக்காடு. 15 விழுக்காடு என்று அஞ்சியது நடக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் அதே ஆய்வில் இருக்கிறது. அறிகுறி உள்ளவர்களை மட்டும் சோதித்திருந்தால் அந்த 37 பேரில் 5 பேர்தான் கண்டுபிடிக்கப்பட்டிருப்பார்கள். மற்றவர்கள் ஒன்றுமே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்திருப்பார்கள். இதில் எத்தனை பேருக்கு உண்மையில் ஆபத்து நேர்ந்திருக்கும் என்பது வேறு விவாதம். ஆக, அஞ்சியவர்கள் முட்டாள்கள் அல்லர். ஆடலாம் என்றவர்களில் முறையாகச் சோதித்தவர்கள் ஒரு வகை, வாயளவில் சொன்னவர்கள் ஒரு வகை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

பணத்தின் பெயரால் திடல் திறந்தது, எல்லாருக்கும் அந்தப் பணம் போய்ச் சேரவும் இல்லை. ஐயோவா பல்கலைக்கழகம் 2020 ஆகஸ்டில் ஆண்கள் டென்னிஸ், சீருடற்பயிற்சி, இரு பாலாரின் நீச்சல் என்று 4 குழுக்களை நீக்குவதாக அறிவித்தது. 2021இல் கூடைப்பந்துப் போட்டி திரும்பியபோது ஆண்களுக்கு மண்டபம் நிறைய உடற்பயிற்சிக் கருவிகள், பெண்களுக்கு ஒரு சிறிய எடை அடுக்கு. ஓரிகன் ஆட்டக்காரர் செடோனா பிரின்ஸ் அதைக் காணொளியாக வெளியிட்ட பிறகுதான் கருவிகள் வந்தன.

ஆட்டக்காரர்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலை 1ஆம் தேதி அனுமதி வந்தது. பல்கலைக்கழகங்களே வருமானத்தைப் பிரித்துத் தரும் நீதிமன்ற உடன்பாடு 2025 ஜூனில்தான் ஒப்புதல் பெற்றது. 2020இல் வருமானத்தில் பங்கு கேட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள்.

போகாதவர்களும் இருந்தார்கள். 2020 பருவம் யாருடைய நான்காண்டுக் கணக்கிலும் சேராது என்று என்.சி.ஏ.ஏ சலுகை தந்தது. ஓராண்டு கூடுதலாக ஆடலாம். நல்ல சலுகைதான். ஆனால் குழுவில் இடமும் உபகாரச் சம்பளமும் அப்போது எல்லைக்குட்பட்டவையாக இருந்தன. மூத்தவர்கள் தங்கிய ஒவ்வோர் இடமும் அடுத்து உயர்நிலைப்பள்ளி முடித்து வந்த ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது. 2020இல் ஆடலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளைகள் இன்னும் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள்.