சிறிய குழந்தையும் முதலாண்டு உணவும்: புனேச் சிற்றூர்கள் தரும் பாடம்

குழந்தையைத் தராசில் இட்டு எடை காண்பது களப்பணியாளர் அனைவரும் அறிந்த செயலாகும். ஆனால் அவ்வெடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதைத் தராசு கூறுவதில்லை. இவ்வேறுபாட்டின் சிறப்பை, மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகருக்கு அருகிலுள்ள ஆறு சிற்றூர்களில் நடந்த ஆராய்ச்சி ஒன்று தெளிவாக்கியுள்ளது.

புனே கே.ஈ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அவர்களும் அவருடன் பணியாற்றியோரும், இங்கிலாந்திலுள்ள சௌதாம்ப்டன் நகர ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து 1993-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். நிறைமாதத்தில் பிறந்த சிற்றூர்க் குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோகிராம். சௌதாம்ப்டன் குழந்தைகளின் எடையோ சுமார் 3.5 கிலோகிராம். நம் குழந்தைகளிடம் தசையும் வயிற்றின் சுற்றளவும் பெரிதும் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. இத்தகைய உடலமைப்பு, பிற்காலத்தில் நீரிழிவு நோய்க்கு இடந்தரக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். கருவுற்ற காலத்தில் கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் சற்றுப் பெரியனவாகப் பிறந்தன என்பதும் கவனிக்கத்தக்கது.

ஆகவே, சிறியதாகப் பிறந்த குழந்தையைச் சர்க்கரையும் பிஸ்கோத்தும் கொடுத்து விரைவில் கொழுக்கச் செய்ய முயல்வது பொருந்தாது. அதற்கு வேண்டியது தசையும் எலும்பும் இரத்தமும் வளர்வதற்கான உணவே.

முதல் ஆறு மாதம்

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்கப்பட வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சி எறியலாகாது. நோய் தடுக்கும் பொருள்கள் அதில் மிகுதியாக உள்ளன. ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். கோடையிலும் தண்ணீர் வேண்டுவதில்லை. நம் வீடுகளில் சேனை வைக்கும் வழக்கத்தை அன்புடன் விளக்கித் தவிர்க்கச் செய்தல் வேண்டும். தேனை ஓராண்டு நிறையும் முன் ஒருபோதும் தரலாகாது. கொடிய நச்சு நோயை விளைவிக்கும் நுண்ணுயிர்களின் வித்துகள் அதில் இருக்கக்கூடும்.

ஆறாம் மாதத்திற்குப் பின்

பிறக்கும்போது உடலில் சேமித்திருந்த இரும்புச்சத்து ஆறாம் மாத அளவில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலை நிறுத்தாமல், அதனுடன் வேறுணவும் தொடங்க வேண்டிய காலம் இதுவே. ஆறு முதல் எட்டு மாதம் வரை நாள்தோறும் சுமார் 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை சுமார் 300 கலோரியும் இவ்வுணவிலிருந்து கிடைத்தல் வேண்டும். முதலில் நாளைக்கு இரண்டு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி போதும். பின்னர் அரைக் கிண்ணமாகவும், மூன்று நான்கு வேளையாகவும் உயர்த்தலாம்.

குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் எளிதில் வழிந்தோடாத பதமே ஏற்றது. மகாராஷ்டிரத்தில் நாச்ணி எனப்படும் கேழ்வரகு இங்குப் பெரிதும் உதவும். அதை முளைகட்டி உலர்த்தி அரைத்தால், முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுப்பொருளை இளக்குகிறது. அதனால் மிகுதியான மாவைச் சேர்த்தாலும் கஞ்சி விழுங்க எளிதாக இருக்கும். இரும்புச்சத்தும் எளிதில் உட்கொள்ளப்படும். எனினும் கேழ்வரகு ஒன்றே போதாது. குழைந்த பருப்பு, மசித்த கீரை, பழம், வழக்கமுள்ள வீடுகளில் முட்டை அல்லது மீன், சிறிது எண்ணெய் ஆகியவையும் சேர வேண்டும். சர்க்கரையும் உப்பும் வேண்டா.

அன்னையர் கூட்டங்களில் நீர்த்த கஞ்சியையும் கெட்டிக் கஞ்சியையும் அருகருகே வைத்துக் காட்டினால், நெடிய சொற்பொழிவினும் அது பயன் தரும். எடையுடன் குழந்தையின் நீளத்தையும் தவறாது அளந்து குறியுங்கள். எடை ஏறியும் நீளம் வளராத குழந்தையின் உணவையும் நோய் வரலாற்றையும் உடனே கேட்டறிந்து, சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் நம் கடமையாகும்.