மனைக்கல் நட்ட பிறகு மனு எதற்கு?

நேற்றுவரை சோளம் விளைந்த காட்டில் பொக்லைன் இறங்குகிறது. செம்மண் சாலை விழுகிறது. மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசை கட்டி நிற்கின்றன. முகப்பில் ஏதோவொரு ‘நகர்’ என்று வளைவு எழுகிறது. ஊர் விழித்துக்கொள்வது அதற்குப் பிறகுதான். மழைத்தண்ணீர் ஓடிய ஓடையைக் காணோம், மாடு போன வண்டிப்பாதையைக் காணோம் என்று திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் சேர்கிறது. மனுவை வாங்கிக்கொள்கிறார்கள். உரிய நடவடிக்கைக்கு அனுப்பியிருப்பதாகப் பதிலும் வருகிறது. தோண்டித் துருவினால்தான் தெரியும்: அந்தப் புலம் குடியிருப்புப் பகுதி என்று பல ஆண்டுகளுக்கு முன்பே வரைபடத்தில் வண்ணம் பூசப்பட்டுவிட்டது, அப்போது அந்த ஊரிலிருந்து ஒரு ஆட்சேபணைகூடப் போகவில்லை.

வீடு கட்டுவதை எதிர்ப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. தமிழ்நாட்டில் நகரம் வளரத்தான் செய்யும். பிள்ளைகளுக்கு வீடு வேண்டும். எங்கே கட்டுவது, எதை விட்டுவிட்டுக் கட்டுவது என்று முடிவாகும் நேரத்தில் அந்த மண்ணைத் தெரிந்தவர்கள் வாய் திறக்கிறார்களா என்பதுதான் கேள்வி. திறப்பதற்குச் சட்டம் ஒரு வாசலை வைத்திருக்கிறது. அது எப்போதும் திறந்திருக்காது.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் அந்த வாசல். ஒரு நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் சேர்த்து ‘முழுமைத் திட்டம்’ போடும்போது, அதாவது மாஸ்டர் பிளான் தயாரிக்கும்போது, வரைவு தயார் என்ற அறிவிப்பை அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியிட வேண்டும் என்கிறது அதன் 26-ஆவது பிரிவு. எழுத்துமூலம் ஆட்சேபணையும் கருத்தும் தர 2 மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுக்க வேண்டும். இதற்கு நிலச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. குத்தகைக்காரர் எழுதலாம், வாடகைக்குக் குடியிருப்பவர் எழுதலாம், ஏரியில் மீன் பிடிப்பவரும் எழுதலாம்.

அதே பிரிவில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. நேரில் கேட்கப்பட வேண்டும் என்று கோரியவருக்குத்தான் நேர்முக விசாரணைக்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது சட்டம். மனு மட்டும் கொடுத்துவிட்டு அழைப்பு வரும் என்று காத்திருந்தால் அழைக்காமலே கோப்பை மூட முடியும். ஆகவே மனுவின் கடைசியில் ‘என்னை நேரில் அழைத்து விசாரிக்குமாறு கோருகிறேன்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அந்த ஒரு வரி இருந்தும் கூப்பிடாமல் திட்டத்தை முடித்திருந்தால், பின்னால் உயர் நீதிமன்றத்தில் நிற்பதற்கு அதுவே ஒரு காரணமாகும்.

இந்த வாசல் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திறக்கிறது என்று பாருங்கள். கோவையின் முழுமைத் திட்டம் 1994-இல் வந்தது. அடுத்த திட்டத்தின் வரைவு, 2041 வரைக்குமானது, 2024 பிப்ரவரியில்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. நடுவில் 30 ஆண்டுகள். ஒரு தலைமுறையே வளர்ந்து முடிந்திருக்கிறது. சென்னையிலும் இதே கதைதான்: முதல் திட்டம் 1976-இல், இரண்டாவது 2008-இல். 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டத்தின் வேலை நடந்துவருகிறது. அதற்கிடையே 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க அரசு 2022-இல் ஆணையிட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் கிராமங்கள் அந்தக் கோட்டுக்குள் வருகின்றன. அங்கே நெல் நட்டுக்கொண்டிருக்கும் எத்தனை பேருக்குத் தங்கள் புல எண் பெருநகர வரைபடத்தில் இருப்பது தெரியும்?

‘பெரிய குடியிருப்புத் திட்டம் வந்தால் சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவார்களே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைப்பவர்கள் ஏராளம். நடத்த மாட்டார்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்கிறது. ஆனால் கட்டுமானத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்புகளுக்கும் மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அதே அறிவிக்கை விலக்கும் கொடுத்திருக்கிறது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடக்கும் கூட்டம் ஆயிரம் அடுக்குமாடி வீடுகளுக்கு நடக்காது. வரைபடத்துக்கு வண்ணம் பூசும் அந்த 2 மாதம் முக்கியமாவது இதனால்தான்.

வரைவு வெளியானால் முதலில் செய்ய வேண்டியது, உள்ளூர்த் திட்டக் குழும அலுவலகத்துக்கு நேரில் போய் உங்கள் ஊர் வரைபடத்தைப் பார்ப்பது. பார்ப்பது எளிதில்லை. அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் தடித்த புத்தகமாக இருக்கும். வரைபடத்தில் புல எண்கள் பொடிப்பொடியாகத் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் வரைபடத்தைக் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அ-பதிவேட்டின் நகலையும் புலப்பட வரைபடத்தையும் இணையத்திலேயே எடுக்கலாம். ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு, சுடுகாட்டுப் பாதை, ஏரியின் முழுக் கொள்ளளவு நிற்கும் இடம் ஆகியவை வரைவில் எந்த வண்ணத்தில் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஊரில் வயல் பாய்ச்சிய பெரியவர் ஒருவர் கூட இருந்தால் போதும், பொறியாளர் தேவையில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஏறும், எங்கே வடியும் என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு எழுதுங்கள். ‘இந்தத் திட்டம் எங்கள் ஊருக்கு வேண்டாம்’ என்று ஒற்றை வரி அச்சடித்து ஐந்நூறு பேர் கையெழுத்திட்ட தாளைவிட, புல எண் குறிப்பிட்டு ஒருவர் எழுதிய மனுவுக்குக் கனம் அதிகம். முன்னதற்கு ‘ஏற்கப்படவில்லை’ என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். பின்னதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். இன்ன புல எண் அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு. வரைவில் குடியிருப்பாகக் காட்டியிருக்கிறீர்கள். இன்ன ஆண்டு வெள்ளத்தில் இங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றது, இதோ தேதியோடு படம். இதை நீர்நிலை என்று மாற்றுங்கள், வீடுகளுக்கு மேட்டில் இருக்கும் இன்ன இடத்தைப் பாருங்கள். இப்படி இருக்க வேண்டும் மனு. தமிழிலேயே எழுதலாம்.

2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் தன் பழைய வழியில்தான் வந்தது. அந்த வழியில் மனை போட அனுமதித்தது யார் என்று அப்புறம் கேட்டு என்ன பயன்? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் கதையும் அதுதான். பல பத்தாண்டுகளாகக் குப்பையும் கட்டடமும் தின்றது போக மிச்சமிருந்த 1,247 ஹெக்டேருக்கு 2022-இல்தான் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது.

கசப்பான இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். புதிய வீட்டுத் திட்டங்களுக்கு எதிராக வரும் குரல்கள் எல்லாமே நியாயமானவை அல்ல. ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடுகள் வருகின்றன என்றால் ‘ஏரியா கெட்டுவிடும்’, ‘மனை விலை இறங்கிவிடும்’ என்று கிளம்பும் எதிர்ப்பில் சாதியும் பணமும்தான் பேசுகின்றன. சுற்றுச்சூழல் அதற்கு மேல் போர்த்திய துணி. அத்தகைய ஆட்சேபணைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, இருக்கவும் கூடாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் நலிந்த பிரிவினருக்கு என்று 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளே சொல்கின்றன. மறுபக்கம், சென்னையின் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களை யார் கேட்டார்கள்? பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் அதிகமான வீடுகள். வேலை செய்த இடமும் பிள்ளைகள் படித்த பள்ளியும் வெகு தொலைவில் போயின. வெள்ளத்துக்குத் தப்பிக்க என்று கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடியமர்த்தினார்கள். ஒரு திட்டத்தில் அதிகம் இழக்கப்போகிறவரின் குரல்தான் அநேகமாகக் கோப்பில் இருப்பதில்லை.

இங்கிலாந்தில் மாவட்ட மன்றங்கள் புதிய வீடுகளுக்கான உள்ளூர்த் திட்டம் வகுக்கும்போது, மக்கள் எழுதித்தரும் கருத்துகளைத் திட்டத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அரசு நியமிக்கும் தனி ஆய்வாளர் ஒருவர் பரிசீலித்த பிறகே மன்றம் அதை ஏற்க முடியும். இங்கே திட்டம் வரைந்த அமைப்பே ஆட்சேபணையையும் விசாரிக்கிறது. குறைதான். அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது தகவல் உரிமைச் சட்டம். மொத்தம் எத்தனை ஆட்சேபணை வந்தது, என் மனுவுக்கு என்ன காரணம் சொல்லி முடிவெடுத்தார்கள், விசாரணைக் குறிப்பு எங்கே என்று 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

முழுமைத் திட்டமே இல்லாத ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அங்கே நஞ்சையை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை. ஆனால் ஊரைக் கேட்பதற்கென்று தனி அறிவிப்பு வராது. காவிரிப் படுகையில் இருப்பவர்கள், 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டதே என்று தைரியமாக இருக்க வேண்டாம். எண்ணெய், எரிவாயு, உருக்காலை போன்றவைதான் அதன் தடைப் பட்டியலில் உள்ளன. வீட்டு மனை அதில் இல்லை. இப்படிப்பட்ட ஊர்களுக்குக் கிராம சபைதான் மேடை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. ஓடையும் வாய்க்காலும் மேய்ச்சல் நிலமும் இன்ன புல எண்களில் உள்ளன, அவற்றில் மனைப்பிரிவு கூடாது என்று தீர்மானம் போட்டு வையுங்கள். ஒரு தீர்மானத்தாலேயே மனைப்பிரிவு நின்றுவிடாது. ஆனால் பின்னால் அதிகாரி முன்பும் நீதிபதி முன்பும் வைக்க அது ஓர் ஆவணம்.

காலம் கடந்துவிட்டது, கல் நட்டுவிட்டார்கள் என்றால் வழியே இல்லையா? இருக்கிறது. செலவும் அலைச்சலும் கூடுதல். சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்த ஆணையை எதிர்த்துச் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதைத் தாண்டினால் கதவு அடைபட்டுவிடும். மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை வேறு எதற்காவது மாற்றினால் அங்கே குடியிருப்பவர்களே வழக்குப் போடலாம். பெங்களூரில் பூங்காவுக்கான இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் போராடிய வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கமே நின்றது. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவ வேண்டும்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து. உங்கள் புலத்தின் குறுக்கே திட்டச்சாலை என்றோ பூங்கா என்றோ வரைபடத்தில் ஒரு கோடு விழுந்தால் விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது. இழப்பீடும் வந்திருக்காது. அறிவிப்பு வந்து 3 ஆண்டுக்குள் அந்த நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிக்கையோ உடன்பாட்டின்பேரில் வாங்குவதோ நடக்காவிட்டால், அந்த ஒதுக்கீடு நீங்கியதாகக் கருத வேண்டும் என்கிறது நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு. இது தெரியாமல் பல ஆண்டுகள் முடங்கிக் கிடப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

மனை வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 500 சதுர மீட்டரைத் தாண்டிய திட்டத்துக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவெண் இருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ‘அப்ரூவ்டு’ என்ற சொல் காகிதம் சரியாக இருப்பதைத்தான் காட்டும். அந்த மனையில் தண்ணீர் நிற்காது என்பதற்கு அது உத்தரவாதமில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள், பக்கத்து ஊர்க்காரரிடம் விசாரியுங்கள்.

உங்கள் ஊர் ஏதாவது முழுமைத் திட்டத்துக்குள் வருகிறதா என்று இந்த வாரமே நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வரைவு வந்தால் மனுவை இரண்டு படி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.