வெள்ளை தூத்துக்குடிக்கு, மஞ்சள் கோவாவுக்கு!

தூத்துக்குடி மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கரு மட்டுமே உண்டு. கோவாவின் பெபின்காவில் மரபுப்படி மஞ்சள்கரு மட்டுமே உண்டு. ஒன்று தொட்டால் நொறுங்கும். மற்றது அடுக்கடுக்காக நெய் மணக்கும். பார்வைக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் இரண்டின் கதையும் ஒரே கப்பலில் போய் முடிகிறது.

மடத்தில் பிறந்த இனிப்பு

போர்ச்சுகல் நாட்டுக் கன்னியர் மடங்களில் வெள்ளைக்கருவைக் கொண்டு அங்கிகளுக்குக் கஞ்சி போடுவார்களாம். திராட்சை மதுவைத் தெளிய வைக்கவும் அது உதவியது. மிஞ்சிய மஞ்சள்கரு வீணாகலாமா? மதெய்ரா தீவிலிருந்தும், பின்னர் பிரேசிலிலிருந்தும் வந்த சர்க்கரையோடு சேர்த்து, விதவிதமான இனிப்புகளைச் செய்தார்கள்.

1510-ல் போர்ச்சுக்கீசியர் கோவாவைப் பிடித்தனர். அவர்களுடைய பழக்கமும் கூடவே வந்தது. ஆனால் பாதாம் பருப்புக்கு இங்கே எங்கே போவது? உள்ளூர்ப் பெண்கள் தேங்காய்ப்பாலையும் நெய்யையும் எடுத்தார்கள். போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்த முந்திரி, பாதாமின் இடத்தில் அமர்ந்தது.

பெபின்காவுக்குப் பொறுமைதான் முதல் சரக்கு. தேங்காய்ப்பால், மஞ்சள்கரு, சர்க்கரை, மைதா, ஜாதிக்காய் கலந்த மாவை ஒரேயடியாக ஊற்ற முடியாது. ஓர் அடுக்கு ஊற்றி, நெய் விட்டு, மேலே தணல் வைத்து, அது சிவந்த பிறகே அடுத்த அடுக்கு. மரபு 7 அடுக்கு. 16 வைப்பவர்களும் உண்டு. அவசரப்பட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து களியாகிவிடும். இந்தக் கோவா இனிப்புக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

முத்துக் கரையில்

முத்துக்குளித்துறையில் போர்ச்சுக்கீசியர் 1530-களில் கால் ஊன்றினர். 1658-ல் தூத்துக்குடியை டச்சுக்காரர்களிடம் இழந்தனர். மக்ரூன் அவர்கள் விட்டுச் சென்ற சுவை என்பது ஊர்ப் பேச்சு.

சரக்கு மூன்றே: வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பொடி. மைதா இல்லை, நெய் இல்லை. வெள்ளைக்கருவை நுரை பொங்க அடிக்க வேண்டும். மஞ்சள்கரு ஒரு துளி விழுந்தாலும், அதிலுள்ள கொழுப்பு நுரையை எழ விடாது. பிறகு கூம்பு கூம்பாகப் பிழிந்து, மிதமான சூட்டில் நெடுநேரம் உலர விடுவார்கள். காற்றின் ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். ஆகவே மும்பை மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால், மொறுமொறுப்பு போய்ப் பிசுபிசுத்துவிடும்.

பிழைக்க வந்தவர்கள்

மும்பைக்கு இந்தச் சுவைகளைக் கொண்டு வந்தவர்கள் ஆட்சியாளர்கள் மட்டுமல்லர். சமையல்காரர்களாகவும், ரொட்டிக்காரர்களாகவும், கப்பல் தொழிலாளர்களாகவும் பிழைக்க வந்த கோவா மக்களே பெரும் காரணம். தாராவிக்கு வந்த நெல்லைச் சீமைக்காரர்கள் ஊர்ச் சங்கம் வைத்துக்கொண்டது போல, அவர்கள் தோபி தலாவ் பக்கம் ஊருக்கு ஒரு 'குட்' வைத்துத் தங்கினார்கள். வேலை தேடி வந்தவனுக்குப் படுக்க இடமும் பெட்டி வைக்க மூலையும் அங்கே கிடைத்தன.

நாம் காலையில் டீயில் நனைக்கும் 'பாவ்' கூடப் போர்ச்சுக்கீசியச் சொல்தான். பெட்டியைப் பூட்டும் சாவியும், காற்று வரும் சன்னலும் அப்படியே. அவற்றை அந்நியம் என்று இன்று யார் சொல்லுகிறார்கள்? மாட்டுங்காவின் இட்லியையும் மும்பை இப்போது தன்னுடையதாகவே எண்ணுகிறது. எங்கிருந்து வந்தது என்பதைவிட, யார் கை அதைத் தினமும் செய்கிறது என்பதே ஓர் ஊரில் நிலைக்கிறது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் கோவாக்காரர் வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்தால் உற்றுப் பாருங்கள். அவர்களுடைய 'குல்குல்' நம் கலகலா. 'நெவ்ரி' நம் சோமாசி. வந்த தட்டை வெறுமையாகத் திருப்புவது நம் வழக்கமல்ல. நாலு மக்ரூன் வைத்து அனுப்பினால், மஞ்சள்கருவுக்கு வெள்ளைக்கரு சரியாகிவிடும்!