முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறதா?



பால் கேன் கட்டிக்கொண்டு தினமும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும், போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகுபவர்களுக்கும் முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு வலி வருவதுண்டு. "மூட்டு தேஞ்சு போச்சு" என்று சிலர் பயப்படுகிறார்கள். "தானாப் போயிடும்" என்று சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறார்கள். கடைசியில் வேலைக்கே போக முடியாமல் வருமானம் நின்றுவிடுகிறது. பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஆரம்பத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே குணமாகும்.

வலி ஏன் வருகிறது?

இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பில் சேரும் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. கால் லேசாக மடங்கும் ஒவ்வொரு தடவையும் அது தொடை எலும்பின் முனையோடு அழுந்துகிறது. ஓய்வில்லாமல் ஆயிரக்கணக்கான தடவை மிதித்தால், நடுவில் உள்ள மெத்தென்ற கொழுப்புப் பகுதி நசுங்கி வலிக்கிறது. 1975-ல் அமெரிக்க மரைன் படைப் பயிற்சியில் இருந்த இளம் வீரர்களிடம் இந்த வலி கண்டு எழுதப்பட்டது. எனவே இதை முதுமையின் நோய் என்று நினைக்காதீர்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது?

கிளம்பும்போது வலி இருக்காது. கொஞ்ச தூரம் போனதும் வெளிப்பக்கத்தில் சுருக்கென்று பிடிக்கும். படியிலும் சரிவிலும் இறங்கும்போது அதிகமாகும். நிறுத்தினால் குறையும்.

ஒரே சைக்கிள், இரண்டு பேர்

பல வீடுகளில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே சைக்கிள்தான். உயரமான கணவனுக்கு வைத்த சீட்டில் மனைவி உட்கார்ந்தால், ஒவ்வொரு மிதிக்கும் காலை எட்டி நீட்ட வேண்டியிருக்கிறது. நார்ப்பட்டை இழுபடுகிறது. சீட்டு அதிக உயரமாக இருப்பது இந்த வலிக்கு ஒரு முக்கியக் காரணம்.

சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீண்டால் அளவு சரி. பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இருவருடைய அளவுக்கும் சீட்டுக் கம்பியில் இரண்டு பெயிண்ட் கோடு போட்டுவையுங்கள். இறக்கி ஏற்ற இரண்டு நிமிஷம் போதும்.

என்ன செய்யவேண்டும்?

1. வலி வரும் தூரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். அதிகமாக வலித்தால் சில நாள் ஓட்டமும் மிதியும் வேண்டாம். அந்த நாட்களில் வீட்டில் மற்றவர் சுமையைப் பகிர்ந்துகொள்ளட்டும்.

2. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிஷம் ஒத்தடம் கொடுங்கள். வலிக்கும் இடத்தை அழுத்தி உருவிவிடாதீர்கள்.

3. சுவரைப் பிடித்து நின்று, வலிக்கும் காலை மற்றக் காலுக்குப் பின்னால் குறுக்கே வையுங்கள். வலியில்லாத பக்கம் உடம்பைச் சாய்த்து 30 வினாடி நில்லுங்கள். மூன்று தடவை செய்யுங்கள்.

4. வலி தணிந்தபின், பாயில் ஒருக்களித்துப் படுத்து மேற்காலை மடக்காமல் 10 தடவை தூக்கி இறக்குங்கள். இடுப்புச் சதை பலமானால் முழங்காலுக்குப் பாரம் குறையும்.

5. மறுபடி தொடங்கும்போது தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஓடுபவர்கள் சமதரையில் தொடங்குங்கள்.

குணமாகச் சில வாரங்கள் ஆகலாம். பொறுமை தேவை.

டாக்டரிடம் எப்போது போகவேண்டும்?

முழங்கால் வீங்கினாலும், காய்ச்சலோடு சிவந்தாலும், மடக்கிய கால் நீளாமல் மாட்டிக்கொண்டாலும், விழுந்து அடிபட்டபின் ஊன்ற முடியாவிட்டாலும் தாமதிக்காமல் போங்கள். கடையில் கேட்டு வலி மாத்திரை விழுங்காதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கெடுதல் செய்யும்.

வலியை ஒருவருக்கொருவர் மறைக்காதீர்கள். இன்றைக்கே இருவரும் சேர்ந்து சீட்டின் உயரத்தைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.