எழுதியாயிற்று, ஆனால் எங்கே?

உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்குள்ள கிரேப்ஸ்-3 மியூவான் கருவி, 2014 டிசம்பர் 1 அன்று 18 நிமிடம் ஓர் இடிமேகத்தைக் கவனித்தது. மேகத்தினுள் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் நிலவியதென்ற முடிவு வெளியானது 2019-இல்தான். அதுவரை அந்த 18 நிமிடப் பதிவு அழியாதிருக்க வேண்டியிருந்தது. இடிமழையின்போதுதான் மலையில் மின்சாரமும் அடிக்கடி நிற்கும். இத்தகைய பதிவு வட்டில் ஏறிவிட்டதென்று எப்படி அறிவது?

கணிப்பொறி 'எழுதியாயிற்று' என்று விடை கூறினால் போதாது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை நிறுத்ததும் கணக்கப்பிள்ளை எடையைத் துண்டுச் சீட்டில் குறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் பேரேட்டில் அது ஏறுவது பிறகுதான். வட்டு மெதுவாக இயங்குவதால், கணிப்பொறியும் தரவை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு விடை கூறிவிடுகிறது. லினக்ஸ் கணிப்பொறியில் தரவு அரை நிமிடம் வரைகூட அப்படிக் காத்திருக்கலாம். இடையில் மின்சாரம் நின்றால், சீட்டு மழையில் நனைந்த கதைதான்.

கோப்பைத் திறந்து படித்துப் பார்த்தால் தெரியாதா? தெரியாது. படிக்கக் கிடைப்பதும் அந்த நினைவகப் பிரதிதான்.

'வட்டில் சேர்த்துவிட்டுச் சொல்' என்று கட்டளையிட 'எஃப்சிங்க்' என்ற ஆணை உண்டு. அதன் விடையைக் கவனிக்காமல் விடும் நிரல்கள் ஏராளம். ஆணை பிழையென்று திரும்பினால், மறுபடி கேட்டுச் 'சரி' என்ற விடையை நம்புவதும் தவறு. லினக்ஸில் எழுதப்படாத தரவுக்கும் அவ்வாறு விடை வரக்கூடுமென்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோர் 2018-இல் கண்டனர்.

இவ்வளவுக்குப் பிறகும் வட்டே ஏமாற்றலாம். அதற்கும் சொந்தமாகச் சிறு நினைவகம் உண்டு. இங்கே பௌதிகம் துணைக்கு வருகிறது. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வட்டு, விநாடிக்கு 120 முறை சுழல்கிறது. வட்டின் ஓர் இடம், எழுதும் முனையின் கீழ் ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே கோப்பின் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் எழுதி, ஒவ்வொரு முறையும் எஃப்சிங்க் ஆணையிட்டு எண்ணிப் பாருங்கள். விநாடிக்கு 120-க்கு மேற்படாவிட்டால் நம்பலாம். ஆயிரக்கணக்கில் வந்தால், விடை சுழலும் தட்டிலிருந்து வரவில்லை!

சுழலாத திண்மநிலை வட்டுகளுக்கு இக்கணக்கு உதவாது. அவற்றுக்கு ஒரு முரட்டுச் சோதனைதான் உண்டு. வரிசை எண்களை ஒவ்வொன்றாக எழுதி, 'சேர்ந்தது' என்று விடை வந்த எண்ணை மட்டும் வேறொரு கணிப்பொறியில் குறித்துக்கொண்டே வரவேண்டும். நடுவே மின்சாரத்தைத் துண்டித்து, மீண்டும் இயக்கி, குறித்த எண்கள் யாவும் வட்டில் உள்ளனவா என்று ஒப்பிட வேண்டும். சோதனைக்கு வேண்டாத வட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.